கட்டிலுக்கு எதிரே உப்புத்தண்ணீர்

போன வாரம் பல் பிடுங்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். பல்லைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது போய்விட்டது. காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி வைத்திருந்தார்கள். உப்புத்தண்ணீர்த் தொட்டி. கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்கு அது தெரிந்துவிட்டது. நனைந்த கல், உப்பு, லேசாகச் சூடேறிய பம்பு, மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் பெண் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அருகில் வந்து தோளைத் தட்டி, "பயமா இருக்கா ஆன்ட்டி?" என்றாள். பயமாவது! எத்தனையோ வருடம் பின்னால் போய் சுகமாகப் படுத்திருந்தவளை எழுப்பிவிட்டாளே பாவி.

படுத்திருந்தேன் என்றால் நிஜமாகவே படுத்திருந்தேன். அப்போது இரணியலில் இருந்தோம். இரண்டு தடவை வயிற்றில் தங்கிய பிள்ளை நிலைக்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பேறுகாலம்வரை கட்டில்தான், குளியலறைக்குப் போகலாம், வேறெதற்கும் எழும்பக் கூடாது. ஒரு இடத்தில் இருந்து பழக்கமில்லாத பிறவி நான். கூரையைப் பார்த்துப் பார்த்து, அதில் ஓடுகிற பல்லிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டேன். பேச்சு குறைந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பேங்கில் வேலை. வீட்டில் ஒரு துளசிச்செடியைக்கூட அவரால் காயாமல் வைத்திருக்க முடிந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் சாயங்காலம் டெம்போவில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். கல்ஃபிலிருந்து திரும்பியிருந்த அவருடைய கூட்டுக்காரர், பழைய சிநேகிதர் ஒருவர், குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்பினாராம். தொட்டி, இரும்பு ஸ்டாண்ட், பம்பு, அழுக்கு நுரையைப் பிரிக்கிற குழாய், நீல லைட்டு, ஒரு மூட்டைக் கல், எல்லாவற்றையும், "கொண்டு போ மக்கா, அவ பாத்துக்கிட்டுக் கெடப்பால்லா" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். எந்தச் சாமானும் அதன் சொந்த நிறத்தில் இல்லை. எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பொருக்கு. வினிகரில் ஊறவைத்தால் போகும் என்று யாரோ சொல்ல, மாமி ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த வினிகர் முழுவதையும் இவர் வாளியில் கவிழ்த்துவிட்டார்.

மாமி என்றால் அவருடைய அம்மா. சர்ச் பெண்கள் சங்கத்தில் செயலாளர். பொய் பேசமாட்டாள், பேசவும் வராது. மகன் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால், "இருக்கான், ஆனா ஒங்களப் பாக்க மனசில்ல" என்று வந்தவரிடமே சொல்லிவிடுகிற ரகம். வாளியைப் பார்த்தாள். "நெல்லிக்காய இனி ஒங்க அப்பன் கல்லறையிலயா போய் ஊறவைப்பேன்?" என்று கேட்டாள். என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர்? கடலை அடுத்து வைத்துக்கொண்டு யாராவது உப்புப் பாக்கெட் வாங்குவார்களா? முட்டத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவிடம் கேன்களைக் கொடுத்துவிட்டோம். அவள் தன் தம்பியின் வள்ளத்தில் அனுப்பி, கரையை விட்டுத் தள்ளி மொண்டுவரச் செய்தாள். "மீனக் கொண்டாந்தேன், இப்பம் கடலையும் கொண்டாந்தாச்சு. இனி ஒங்களுக்கு நான் என்னத்துக்கு?" என்று சிரித்தாள்.

மணலில்தான் இவர் கோட்டை விட்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு மணலைக் கொண்டுவந்து, அலசி அலசிப் போட்டார். பழைய சாமான்களோடு காந்தத் துடைப்பான் ஒன்று வந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். வெளியே உள்ளதை நகர்த்தினால் உள்ளே உள்ளது கூடவே வந்து பாசியைத் துடைக்கும். எனக்குச் செய்துகாட்டப் பெருமையாக இழுத்தார். கர்ரென்று ஒரு சத்தம். எங்கள் கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் சின்னதில் காந்தத்தை மணலில் புரட்டி, கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொள்வதைப் பார்த்து விளையாடியவர்கள். இவரும்தான். அந்த மணலைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு காந்தத்தால் கண்ணாடியைத் தேய்த்தால் என்ன ஆகும்? நடுக்கண்ணாடியில் வில் மாதிரி நீளமாக ஒரு கீறல். மனுஷன் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதட்டி, வயிறு குலுங்கும்" என்று அவர் பயந்து கத்த, எனக்கு மேலும் சிரிப்பு. சிரித்து எத்தனை நாளாகியிருந்தது! அந்த மணலை அள்ளிக் கொட்டிவிட்டு வெள்ளைச் சிப்பித்தூள் வாங்கிப் போட்டார். கீறல் கீறலாகவே இருந்தது.

தண்ணீர் பழகும்வரை மீன் விடக்கூடாது என்றார். வாரக்கணக்காக வெறும் தண்ணீரும் கல்லும். எனக்காக ஜெபிக்க வந்த சங்கத்துப் பெண்கள் ஆமென் சொல்லி முடித்ததும் தொட்டியைக் குனிந்து பார்த்து, "மீனு எங்க ஒளிச்சிருக்கு?" என்று தேடினார்கள். கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். "பொரிச்சா ஒரு வாய்க்குக் காணாது" என்றாள் சங்கத்துத் தலைவி.

அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே கிடந்தபோது எனக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. இதுகள் இருந்தால் என் பிள்ளையும் இருக்கும். எங்கள் வீட்டில் சகுனம் பார்ப்பது பாவம். ராகுகாலத்தில் தாலி கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்கிற குடும்பம். அதனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை, அவரிடம்கூட.

அந்த வருடங்களில் கரண்ட் போவது செய்தியில்லை, வருவதுதான் செய்தி. பம்பு நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சாமான்களோடு வந்த பேட்டரி பம்பு முதல் நாளே உயிரை விட்டிருந்தது. அவர் பேங்கில். முதல் தடவை அப்படி ஆனபோது பதறிப்போய் எழும்பப் பார்த்தேன். மாமி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "கெடட்டி அங்க! காலு கீழ பட்டா ஒடிச்சிருவேன்" என்று அதட்டிவிட்டு, ஒரு செம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து, டீ ஆற்றுவது போல, திரும்ப அதிலேயே ஊற்றினாள். நுரை பொங்கியது. மீன்கள் கீழே இறங்கின. கரண்ட் வரும்வரை ஊற்றினாள். "இந்தச் சவத்துக்கு ஊழியஞ்செய்யவா கர்த்தர் எனக்குக் கையத் தந்தாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். பிறகு ஒவ்வொரு நாளும் அதுவே அவள் வேலையாயிற்று.

எட்டாம் மாதத்தில், நல்ல மழை நாளில், நேரத்துக்கு முன்பே வலி கண்டது. காலையிலேயே மரம் விழுந்து லைன் அறுந்து கரண்ட் போயிருந்தது. என்னைக் காரில் ஏற்றி, பையை வைத்து, நெற்றியில் கை வைத்து ஜெபித்த மாமி, காரில் ஏறவில்லை. ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஆபரேஷன். கண் விழித்தபோது அவர் பக்கத்தில் நின்றார். பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பயம். "மீனு இருக்கா?" என்றேன்.

மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். "ரெண்டும் இருக்குட்டி. நம்ம பிள்ளையும் இருக்கா. பொம்பளப் பிள்ள." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா சொன்ன மாதிரியே கேட்டுட்டியே" என்றார்.

பிறந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, பேத்தியைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். மாமி மறுத்துவிட்டாளாம். "இங்க இன்னும் கரண்ட் வரல்ல. அவ முழிச்ச ஒடன மீனத்தான் கேப்பா. செத்துட்டுன்னா என்னத்தச் சொல்ல? எனக்குப் பொய் வராது. ஒனக்கு வரும், ஆனா மூஞ்சி காட்டிக் கொடுத்திரும்."

முதல் பேத்தி. அதன் முதல் அழுகையைக் கேட்காமல், ஒற்றையாக நின்று செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சங்கத்துப் பெண்கள் அதற்காக அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். காரணத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள், கரண்ட் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால்தான் பிள்ளையை வாங்கினாள்.

"மாமி, நான் யாருட்டயும் சொல்லல்லியே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்தத் தொட்டியப் பாக்கும்போதெல்லாம் ஒனக்க கை வயித்துலல்லா இருக்கும்" என்றாள். "கண்ணு இருந்தா தெரியாதா, மக்ளே?"

மீன்கள் வயதாகிப் போய்ச் சேர்ந்தன. தொட்டியை வேறொரு வீட்டுக்குக் கொடுத்தோம். மகள் படிக்க சென்னைக்குப் போயிருக்கிறாள். இன்வெர்ட்டர் வந்த பிறகு கரண்ட் போவதே எங்களுக்குத் தெரிவதில்லை. மாமியும் கர்த்தரிடம் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமி இருந்தவரை எனக்கு வேண்டியதை நான் வாயால் சொன்னதே இல்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.