ரத்தம் சொன்னதாக அவர்கள் சொன்னது

அக்காவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி என்பது, அவளையும் என்னையும் தவிர அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெருமாநல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. அது முடிந்து குன்னத்தூரில் அக்கா ஊட்டுக்குப் போனால், அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது.

"மூலங்கறாங்க கண்ணு. குண்டடத்துல ஒரு வைத்தியர்கிட்ட மாமா மருந்து வாங்கியாந்து தர்றாரு."

மாமாவை வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கட்டி, ஸ்கேன், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"அப்புறம் ஏனுங்க மாமா செய்யல?"

"ரத்தத்துல சிஆர்பின்னு ஒண்ணு ஏறிக் கெடக்குதாம். ஆபரேஷனுக்கப்புறம் சிக்கல் வரலாம்னாங்க. எங்கண்ணன்தான், ரத்தமே தாங்காதுன்னு சொல்லிப்போடுச்சு, எதுக்கு அறுத்துக் கொல்லோணும்னாரு."

மாடு படுத்தால் இரண்டு டாக்டரைக் கேட்கிற குடும்பம் அது. சிக்கல் வரலாம் என்ற வார்த்தை, அண்ணன் தம்பி இரண்டு பேர் வாயில் புகுந்து சாவாக மாறிவிட்டது.

உள்ளே போய் அவர் முன்னாலேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. மாமாவைப் பார்த்துக் கேட்டாள்:

"என்ற வகுறு, என்ற ரத்தம். என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

"நீ பயந்துக்குவேன்னுதான்..."

"பயந்தது நீங்கதானுங்க."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். "உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் விவரமாச் சொன்னேனே" என்றார் டாக்டர். அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

"நோவு எனக்குங்க. எனக்குச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உடம்புல அழற்சி அதிகமா இருந்தா அந்த அளவு ஏறும்மா. அப்படி இருக்கறவங்களுக்குச் சீழ் பிடிக்கவும் தையல் ஆறாமப் போகவும் வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும்னு இல்லை. யாரைக் கூடுதலாக் கவனிக்கணும்னு எங்களுக்குச் சொல்றது அது."

ஆபரேஷன் நடந்தது. ரத்தத்தில் தினமும் அந்த அளவைப் பார்த்தார்கள். இறங்கி வந்த அளவு திடீரென்று மறுபடி ஏறியது. அக்காவுக்குக் காய்ச்சல்கூட இல்லை. ஆனாலும் உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குடலை இணைத்த இடத்துக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. குழாய் வைத்து வெளியேற்றினார்கள்.

வராந்தாவில் மாமாவின் அண்ணன், "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார்.

"நீங்க சொன்னது வேறைங்க" என்றேன். "நீங்க ஆளை விட்டுறச் சொன்னீங்க. அவங்க அதே ரத்தத்தைப் பார்த்துத்தான் ஆளைக் காப்பாத்தறாங்க."

அவர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

அக்கா மெல்லத் தேறினாள். ஆனால் நோய் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. மருந்து குடித்துக் கழித்த அந்த இடைவெளியில்தான் பரவியதா, அதற்கு முன்பேயா என்று கேட்டேன். டாக்டரால் சொல்ல முடியவில்லை. பரவியதற்காகக் கீமோ எடுத்து, முடி கொட்டி, இப்போதுதான் திரும்ப முளைக்கிறது. செக்கப்புக்குப் போனால் அவளே டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள்.

மாமா கஞ்சி வைத்துத் தருகிறார், துணி துவைக்கிறார். கெட்ட மனுசன் இல்லை என்கிறாள் அக்கா. இருக்கலாம். எனக்கு மட்டும் அவரோடு இன்னும் பேச்சு வரவில்லை.