இருபது கயிறு நிலம்

அவளுக்குக் கடப்பாரை என்று பட்டப்பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். ஒல்லி உடம்புதான். ஆனால் கடப்பாரையைக் கையில் எடுத்தாளென்றால் வேரோ பாறையோ வெளியே வந்துதான் தீரவேண்டும். பேச்சும் அதே ரகம். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

அவள் அப்பாவுக்கும் பட்டப்பெயர் உண்டு. கயித்துக்காரர். மனிதர் எதை அளந்தாலும் கயிற்றால்தான் அளப்பார். மாட்டுக்கொட்டகையின் நீளம், வைக்கோல் போரின் சுற்றளவு, வாய்க்கால், வரப்பு எல்லாம் கயிற்றுக் கணக்கு. டேப் வாங்கித் தந்த மகனிடம், "இது எவனோ போட்ட கோடு. என் கயிறு என் கையில திரிச்சது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கிணற்று வாளியில் கட்டியிருக்கும் சணல் கயிறுதான் அவருக்கு அளவுகோல். அளக்கப் போகிறாரென்றால் இரண்டு நாள் முன்பே அதை அவிழ்த்துக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிடுவார். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கு இருக்கிற ஆயிரம் கிறுக்கில் இது ஆயிரத்தொன்று என்று விட்டுவிட்டார்கள்.

பெண்ணுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அண்ணனுக்கு அப்போது பதினாலு. கயித்துக்காரர் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவதால், தங்கைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அண்ணன்தான். அவன் போட்ட சடை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். சிரித்த பிள்ளைகளைத் தங்கை அடித்தாள், கேட்க வந்த வாத்தியாரிடம் அண்ணன் போய்த் திட்டு வாங்கினான். இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள்.

கல்யாணமான பிறகும் அவள் எங்கேயும் போகவில்லை. கட்டிக்கொண்டவன் வெளியூர்க்காரன், அங்கே அவனுக்கென்று ஒரு காணி கிடையாது. இங்கேயே வந்து தங்கினான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசாமலே இருப்பான். மாடுகளுக்கு மட்டும் அவன் குரல் நன்றாகத் தெரியும்.

உடம்பு தளர்ந்ததும் கயித்துக்காரர் ஒரு கோடையில் நிலத்தைப் பிரித்தார். "கிணத்து மேட்டுலேர்ந்து இருபது கயிறு பொண்ணுக்கு. அதுக்கு அந்தாண்ட பையனுக்கு. கிணறு ரெண்டு பேருக்கும்." இருபதாவது கயிறு முடிந்த இடத்தில் ஒரு கல்லை நட்டார். காகிதம் எதுவும் எழுதவில்லை. அண்ணன் தங்கைக்குள் எதற்குக் காகிதம் என்று நினைத்திருப்பார், பாவம்.

அவர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அண்ணன் தன் பக்கம் வேலி போட நினைத்தான். அடைமழை ஓய்ந்த ஒரு காலைநேரம். கிணற்றிலிருந்து கயிற்றை உருவி அளந்தான். கல்லுக்கு வந்து சேர்ந்தபோது இருபத்தொன்று இருந்தது. மறுபடி அளந்தான். மறுபடியும் இருபத்தொன்று. ஒரு கயிறு அகலத்துக்கு, வயல் நெடுக, கல் அவன் பக்கம் நகர்ந்திருக்கிறது!

அவன் தங்கை வீட்டு வாசலுக்கு வந்து கத்திய கத்தில் மாடுகள் மிரண்டன. அவள் வெளியே ஓடிவந்தாள். அதே நேரத்தில் வயல் பக்கமிருந்து அவள் புருஷன் வந்தான். முழங்கால் வரை சேறு. தோளில் கடப்பாரை.

"கல்லை நகத்தினது யாரு?" என்றான் அண்ணன்.

புருஷன் ஒருமுறை மனைவியைப் பார்த்தான். பிறகு, "எது கேக்கணும்னாலும் என்னைக் கேளுங்க மச்சான். அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒப்புக்கொண்டுவிட்டானே! காணி இல்லாதவன், ஆசைப்பட்டுவிட்டான். அண்ணன் உண்மையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவள் மனசுக்குத் தெரிந்தது. ஆனாலும் கட்டினவனை விட்டுக்கொடுக்க முடியுமா? "என் வீட்டு வாசல்ல நின்னு என் புருஷனைத் திருடன்னு சொல்றதுக்கு நீ யாரு?" என்று அண்ணனை விரட்டினாள். அண்ணன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்றோடு பேச்சு நின்றது.

கிணறு மட்டும் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு நாள் முறை. இறைத்து முடித்தவர் வாளியைக் கவிழ்த்து வைக்கவேண்டும், அதைப் பார்த்து அடுத்தவர் வரவேண்டும். இருபத்திரண்டு வருஷம் அண்ணனும் தங்கையும் ஒரு வாளி வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். கயிறு நைலானாக மாறியது, பிறகு மோட்டார் வந்தது. மோட்டார் வந்த பிறகும் அந்த ஓட்டை வாளியைக் கவிழ்ப்பதை யாரும் விடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் படுத்திருந்தபோது அண்ணி கவிழ்த்த வாளிக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனாள். அதற்கும் அவள் நன்றி சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வாள்? அவர்கள் மண்ணில் விளைந்ததை இருபது வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறோமே என்கிற நினைப்பு சோற்றுக்கு நடுவே கல்லாய்க் கடிபடும். புருஷனிடம் கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பாள். அவன் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? மென்று விழுங்கிவிடுவாள்.

இந்த வருஷம் எல்லா நிலத்தையும் புதிதாக அளந்து பதிய ஆள் அனுப்பினார்கள். வந்த சர்வேயர் முக்காலியும் கருவியும் குடையுமாக நின்றுகொண்டு, "காகிதத்துல இது இன்னும் உங்க அப்பா பேர்ல ஒரே துண்டாத்தான் இருக்கு. எல்லை எதுன்னு நீங்க ரெண்டு பேரும் ஒத்துச் சொல்லுங்க, நான் பதிஞ்சுட்டுப் போறேன்" என்றார்.

அவள் காலையிலேயே புருஷனைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாள். "நான் வரல. நீயே போயிட்டு வா" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. இன்றைக்கு ஊர் முன்னால் தெரியப்போகிறது. தெரியட்டும், ஒரு கயிறு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாகலாம் என்று கிளம்பிவிட்டாள்.

"அப்பா சொன்னது இருபது கயிறு" என்றான் அண்ணன், சர்வேயரைப் பார்த்து.

"எந்தக் கயிறு?"

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து அதைக் கொண்டுவந்தான். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். சர்வேயருக்குச் சிரிப்பு. "சரி, அளங்க, அதையும் பாத்துடுவோம்."

ஒரு முனையை அண்ணன் பிடித்தான், மறுமுனையை அவள். கிணற்று மேட்டில் தொடங்கினார்கள். பதினெட்டு, பத்தொன்பது. இருபதாவது கயிறு கல்லின் தலையில் வந்து சரியாக முட்டியது.

அண்ணன் கல்லைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். "இல்லையே. நான் ரெண்டு தடவை அளந்தேனே. இருபத்தொண்ணு. சத்தியமா இருபத்தொண்ணு!"

"கயிறு உங்க வீட்லதானே இருந்தது?" என்றார் சர்வேயர்.

கயிற்றின் முனை இன்னும் அவள் கையில் இருந்தது. மொரமொரவென்று காய்ந்த கயிறு. மழை பெய்தால் மாட்டின் கழுத்துக் கயிறு இறுகிவிடும் என்று ஓடி ஓடித் தளர்த்துகிறவள் அவள். கொடிக்கயிறு விறைத்துக்கொள்வதை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறவள்.

"அண்ணே, அன்னிக்கு இதை எங்கேர்ந்து எடுத்த?" இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கிணத்துலேர்ந்துதான். அப்படியே உருவிட்டு வந்தேன்."

அவள் கயிற்றைக் கொண்டுபோய் அந்த ஓட்டை வாளியில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். சர்வேயர் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் வரை ஊறவிட்டாள். இழுத்து உதறி மறுபடி அளந்தார்கள். இருபத்தொன்று.

அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்பா ரெண்டு நாள் காயப்போடுவாரே... அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. தாடி நரைத்த அண்ணன் அவள் முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "மாப்பிள்ளை மூஞ்சியில நான் எப்படிம்மா முழிப்பேன்?" என்றான்.

"நான் மொதல்ல முழிச்சிட்டு வரேன் இரு" என்று எழுந்து ஓடினாள்.

புருஷன் கொட்டகையில் தீவனம் நறுக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

"அப்போ... நீ நகத்தலையா?" என்றான்.

"நானா?"

"அன்னிக்கு விடியுமுன்னாடியே மடை பாக்கப் போனேன். உன் கடப்பாரை கல்லுக்குப் பக்கத்துல கிடந்துச்சு. சுத்தி மண்ணு தோண்டியிருந்துச்சு. யாரு கண்ணுலயும் படறதுக்குள்ள மண்ணைத் தள்ளி மூடிட்டு, அதை எடுத்துக்கிட்டு, எல்லா மடையையும் பாத்துட்டு வந்தேன். வந்தா, மச்சான் நிக்கறார்."

அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முதல் நாள் அங்கே ஒரு முள்வேரைத் தோண்டினாள். மழை பிடித்துக்கொள்ள, கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சுத்தமாக மறந்தே போனாள்.

"அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமா ஒரு திருடியோடவா குடும்பம் நடத்தினீங்க?"

"நீ மட்டும்?"

அவள் தீவனக் குவியல் மேலேயே உட்கார்ந்தாள். அவள் அவனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவனோ, அவள் செய்ததாக நினைத்த திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறான்.

"ஏங்க, ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கலாமே?"

அவன் அரிவாளை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினான். "கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவியேன்னு பயந்தேன்" என்றான்.