திரைக்குப் பின்னிருந்து வந்த விடை

அந்தத் திரை பச்சை நிறம். தோல்பைகளுக்கு உட்புறமாக வைத்துத் தைக்கும் மெல்லிய துணியில் மிஞ்சியதைக்கொண்டு அமைத்தது. தாராவியில் ஓர் ஒற்றை அறையை அது இரண்டாகப் பிரித்துத் தொங்கியது. இதை நான் கண்ணால் கண்டேன். அந்த அறையில் குடியிருந்தவர் சந்து முனையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்ததைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கதை வழங்குகிறது. வழக்கோ இன்னும் முடியவில்லை. ஆகவே நேரில் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சொல் கூட்டிச் சொல்வதையும் பொறுக்காத ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது அதுவே முறையும் ஆகும்.

மாட்டுங்காவில் வசிக்கும் நான் அப்போது செம்பூரில் ஒரு சட்ட உதவி மையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வன்குற்றத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு அரசு இழப்பீடு தரும் திட்டம் ஒன்று உண்டு. குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவரின் வருவாயைச் சார்ந்தே குடும்பம் வாழ்ந்தது என்பது விசாரணையில் தெளிவாக வேண்டும். கணவரை இழந்த அந்தப் பெண்ணும் அதற்கு விண்ணப்பித்திருந்தார். தென்மாவட்ட முஸ்லிம்கள் மூத்த சகோதரியை அழைக்கும் முறையில் சந்தே அவரை லாத்தா என்றது. நானும் அப்படியே அழைத்தேன். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள் அவருக்கு. வீடும் பை தைக்கும் கார்கானாவும் ஒன்றேயான அந்த வாடகை அறையைக் காலி செய்யும்படி உரிமையாளர் நெருக்கிக்கொண்டிருந்தார். இழப்பீடு வந்தால் அறை நிலைக்கும், இல்லையேல் தெருதான்.

விசாரணைக்கு வரும்படி இழப்பீட்டு அலுவலகம் அவரை அழைத்தது. அவரோ இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் மனைவி வெளியே செல்லாமலும், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமலும் வீட்டோடு இருக்கும் காலம் அது. தொலைபேசியை எடுத்த பக்கத்து வீட்டு மாமி, தமக்குத் தெரிந்த இந்தியில், "அவள் வெளியே வரமாட்டாள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அலுவலகத்தார் அதை மறுப்பாகவே கொண்டனர். விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள் என்று அறிந்து நான் விசாரணை அதிகாரியிடம் சென்று அந்த வழக்கத்தை விளக்கினேன். அவர் ஓய்வை நெருங்கிய மராட்டியர். சற்று யோசித்து, "அப்படியானால் நாம் போவோம்" என்றார்.

வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட்டு, திரைக்கு வெளியே, தையல் இயந்திரத்தின் முன்னிருந்த முக்காலியில் அவர் அமர்ந்தார். பெண் என்பதால் நான் உள்ளே லாத்தாவின் அருகில் இருந்தேன். மாமி திரையின் விளிம்பை விலக்கிக் கையை மட்டும் நீட்டி அவருக்குத் தேநீர் கொடுத்தார். பெயர், ஊர், பிள்ளைகள் என்று கேள்விகள் எளிதாகவே சென்றன. பிறகு அந்தக் கேள்வி வந்தது: கணவரின் வருவாயை நம்பியா வாழ்ந்தீர்கள்?

"நானா?" என்றார் லாத்தா. "இல்ல மேடம். அவருல்லா என்னைய நம்பி இருந்தாரு. தோலு வெட்டுதது நானு, தைக்கது நானு. அவருக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியாது."

மாமி பதறிப்போனார். "ஏட்டி கூறுகெட்டவளே! வாசல் போர்டுல அவன் பேருதான இருக்கு? அதச் சொல்லிட்டுப் போயேன். கெவர்மெண்டு என்ன நீ தைக்க அழகப் பாக்கவா வந்திருக்கு?"

"போர்டு ஊருக்கு மாமி. இத்தாவுல இருந்துக்கிட்டு அவரு பேர வச்சுப் பொய் சொல்ல என்னால ஆவாது."

அந்தச் சந்தில் இயந்திரத்தில் அமர்பவள் மனைவியாயினும் பெயர்ப்பலகை கணவனுடையது. அதை யாரும் பொய்யென்று கருதுவதில்லை; லாத்தாவும் அதுநாள்வரை 'அவுக கார்கானா' என்றே சொல்லிவந்தவர். மாமி என் காதருகே குனிந்தார். "மேடம், அந்தாளுக்குத் தமிழு தெரியாதுல்லா? நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." வெளியே அதிகாரி காத்திருந்தார். லாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சொன்னதைச் சொன்னபடியே இந்தியில் சொன்னேன்.

பிறகு அதிகாரி வேறொன்று கேட்டார்: "தைப்பவர் இவர் என்றால், இந்த இயந்திரத்தை ஏன் மூடி வைத்திருக்கிறார்? இதன்மேல் அரிசிப் பை இருக்கிறதே?"

உள்ளேயிருந்த எங்கள் கண்ணுக்கு அது படவில்லை. நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். இம்முறை லாத்தாவின் விடை மெல்ல வந்தது.

"தைச்ச பையெல்லாம் யாரு கொண்டு போவா மேடம்? கல்யாண் வரைக்கும் ரயில்ல மூட்டையத் தூக்கிட்டுப் போறது, கடைச் சேட்டுமாருகிட்ட மல்லுக்கட்டித் துட்டு வாங்குதது, எல்லாம் அவருதான். ஒரு சேட்டுக்கும் என் மூஞ்சி தெரியாது. அவரு மௌத்தான பொறவு ஒருத்தனும் ஆர்டர் தரல." சற்று நிறுத்தி, "நான் தனியா ரயில் ஏறுனதே இல்ல" என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன். அதிகாரி நெடுநேரம் எழுதினார். சந்தைவிட்டு வெளியேறும்போது அவர் என்னிடம் பேசியது ஒன்றே: தேநீரில் இஞ்சி நன்றாக இருந்ததாம்.

இத்தா முடிந்தபின் இழப்பீடு வந்தது. ஆணையை நானே லாத்தாவுக்குப் படித்துச் சொன்னேன். அதில் தொகை இருந்தது, காரணம் இல்லை. அறை அவர்களிடமே நிலைத்தது.

அண்மையில் அங்கே சென்றிருந்தேன். பலகையில் கணவரின் பெயர் மாறவில்லை. இயந்திரத்தின்மேல் அரிசிப் பை இல்லை. "இப்ப இவளப் புடிக்கணும்னா ரயில் டேசனுக்குத்தான் போவணும். துட்டு வாங்க இவ வாறதப் பாத்தாலே கல்யாண் சேட்டுமாரு கடைய அடைக்கானுவ" என்றார் மாமி. "வாய மூடுங்க மாமி, ரெண்டு பேருதான் அடைச்சாங்க" என்று லாத்தா திருத்தினார். திரை இருந்த இடத்தில் கம்பி மட்டும் இருந்தது. விடைபெறும்போது அவர் புதிதாகத் தைத்த பை ஒன்றை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். உட்புறம் பச்சைத் துணி.

அது அந்தத் திரையிலிருந்து வெட்டியதா என்று எனக்குத் தெரியாது. அன்று அதிகாரி என்ன எழுதினார் என்பதும் தெரியாது. லாத்தாவின் கணவரைக் குத்தியவர் யார் என்பது, இதை எழுதும் இன்றுவரை, தெரியவில்லை.