பறந்து வந்தவர் யார் பக்கம்?

"எளியவர்களைக் காப்பதே இவன் குணம்" என்று, டிவியில் பறக்கும் நாயகனைப் பற்றிப் பள்ளிக்கு எழுதிய கட்டுரையை மகள் வாசித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளில், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் மளிகைக்கடைக்காரர் வீட்டில்தான் டிவி. அவர் பருத்திக்காட்டில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றுதான் பார்க்க வேண்டும். அங்கும் ஒருவர் பறந்து வருவார், இந்தி பேசுவார். அக்காதான் எங்களுக்கு அர்த்தம் சொல்வாள்.

"நம்ம கம்மாய்க்குத் தண்ணி கொண்டு வாராருலே!"

நம்பிக் கைதட்டினோம்.

"என்ன கூத்து? போங்க உங்க தெருவுக்கு!" கடைக்காரர் மனைவி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். கம்பியைப் பிடித்திருந்த என் விரல் நசுங்கியது.

"அவரு பறந்து வந்து கேக்க மாட்டாராக்கா?" என்று அழுதேன்.

"எப்பிடிலே கேப்பாரு? அவரும் அவுக வீட்டுக்குள்ளதான இருக்காரு."