புளூட்டோவின் பள்ளம்

மதினியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஓர் அலுமினியத் தட்டு. சாப்பிடுகிற தட்டுதான், விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் மார்கழி பிறந்து, வானத்தில் பொட்டு மேகம் இல்லாமல் தெளிந்துவிட்டால், பொழுது சாய்கிறபோது மதினி அந்தத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி தொழிலாளர் லைன் வீட்டின் பின்புறச் சிமெண்டுத் திட்டில் வைத்துவிடுவாள். விடிந்து பார்த்தால் அப்பளக் கனத்தில் ஒரு பனிக்கட்டித் தகடு தட்டை மூடியிருக்கும். அதை உடையாமல் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துக் கனம் பார்ப்பாள். "இன்னைக்கு ஆறாம் நம்பர் பள்ளம் கருகிருக்கும்" என்பாள். போய்ப் பார்த்தால் கருகித்தான் இருக்கும்.

பனி எரிக்கும் என்பது சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியாக வழிந்து இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். அதனால் மேட்டில் இருக்கிற தேயிலை பச்சையாகவே இருக்க, பள்ளத்தில் இருப்பது நெருப்பு ஓடியதுபோல் பழுப்பாகிவிடும். வெயில் வந்து சுள்ளென்று விழுவதற்குள் செடிமேல் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். நாற்றுகளின் மேல் பெரணித் தழையைப் போட்டு மூட வேண்டும். இதெல்லாம் எங்கள் லைனில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த விஷயம். தெரியாதது எஸ்டேட் ஆபீசுக்கு மட்டும்தான். தரை சமமாக இருக்கிறது, ஓடை பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு வருடம் புது நாற்றங்காலைப் பள்ளத்தில் போட்டார்கள். மேட்டுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் தழையாவது போடுங்கள் என்று மதினி போய்ச் சொன்னாள். கொழுந்து பறிக்க வந்தவள் கொழுந்தைப் பறி என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார். அந்தத் தை மாதம் அத்தனை நாற்றும் போயிற்று. முன்கூட்டியே சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை நேரத்தில் ஆபீஸ் வாசலில் நின்றதற்காக அவளை ஏசியது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது மதினி பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கூடையை இறக்கி வைத்ததும் அவள் போகிற இடம் ரோட்டோரத்து வாயனசாலை, படிப்பகம். மலையாளப் புத்தகங்கள் சுவர் முழுக்க இருக்கும். தமிழுக்கு அலமாரியில் இரண்டே தட்டு. அந்த இரண்டு தட்டையும் அவள் மூன்று சுற்றுப் படித்திருந்தாள். அதில் அட்டை போன ஒரு வானியல் புத்தகம். வியாழனின் நிலாவில் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கலாம் என்றும், நெப்டியூனின் நிலாவில் பனியைக் கிழித்துக்கொண்டு புகை மாதிரி எழும்புகிறது என்றும் அதில் இருந்தது. கடைசியில் புளூட்டோவுக்கு ஒரே ஒரு பக்கம். படம்கூடக் கிடையாது, மங்கலாக ஒரு புள்ளி. மற்றவர்களுக்குச் சலிப்புத் தட்டுகிற அந்தப் பக்கம்தான் மதினிக்குப் பிடித்தது. அங்கே நைட்ரஜனே பனியாக உறைகிறதாம், நாம் மூச்சு விடுகிற காற்றில் முக்கால்வாசி அதுதானாமே என்று என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

அறிவியல் கதைகளையும் விடமாட்டாள். ஆனால் அவற்றின்மேல் அவளுக்கு ஒரு தீராத கோபம் இருந்தது. விண்கலம் பனிக்கோளில் இறங்கும், நாயகன் பனியை உதைத்துக்கொண்டு நடப்பான், பனிக்கடியில் ஓர் அரக்கன் தூங்குவான். அரக்கனைப் பற்றி அவளுக்கு ஆட்சேபம் இல்லை. "இவுங்க ஒருத்தரும் பனியைக் கையால தொட்டது கெடையாது புள்ள. ஐஸ்பெட்டியத் தொறந்து பாத்துட்டு எழுதுதாங்க" என்பாள். அந்தக் கோபத்தில்தான் அவளே எழுத உட்கார்ந்தாள். கோடு போட்ட இரண்டு நோட்டுகள் நிறைந்தன.

புளூட்டோவில் நைட்ரஜன் பனியை வெட்டியெடுக்கப் போன கூலிக்காரர்களின் கதை அது. கம்பெனி அவர்களுக்கு ஒரு பள்ளத்தில் லைன் வீடுகள் கட்டுகிறது. பனி பள்ளத்தில்தான் வந்து சேரும், வீட்டை மேட்டில் கட்டுங்கள் என்று ஒரு கூலிக்காரி சொல்கிறாள். கம்பெனித் துரை சிரிக்கிறார்: இது உங்கள் ஊர் மலை இல்லை, இங்கே காற்றே கிடையாது. நாளாக ஆகப் பனி வாசற்படியில் ஏறுகிறது, ஜன்னலில் ஏறுகிறது. கடைசியில் யாரையும் கேட்காமல் அவர்களே தகடு தகடாக வீடுகளைப் பிரித்துச் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போய்விடுகிறார்கள். துரை பள்ளத்து பங்களாவிலேயே இருந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பூமிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், பங்களா மூடுகிறவரை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிற முடிவு அது.

நான் அப்போது பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். நோட்டுகளை வாங்கிப்போய் டைப் செய்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பெயர் எதற்கு, இப்போது அது வருவதில்லை. ஒரு மாதம் கழித்து அதன் ஆசிரியரே என்னைப் போனில் கூப்பிட்டார். நல்ல எழுத்து என்றார். பிறகு ஆரம்பித்தார். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர் எதற்காகப் புளூட்டோவுக்குப் போக வேண்டும்? அட்டைக் கடி, லைன் வீடு, பசி, கண்ணீர் என்று அவர் வாழ்க்கையிலேயே எவ்வளவு இருக்கிறது. புளூட்டோவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சென்னையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கிறவருக்குச் சனிக்கோள் வரைக்கும் சொந்தம். விடிந்தால் பனியில் நிற்கிறவளுக்கு அவளுடைய கண்ணீர் மட்டும்தான் சொந்தம். இந்தப் பங்கு பிரிப்பை யார் செய்தார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நான் சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்தது. "அறிவியல் கதையில அறிவியலே தப்பா இருக்கலாமாம்மா? அங்க காத்தே இல்ல, குளிர்காத்து எப்படிப் பள்ளத்துல போய்த் தேங்கும்? அவங்க ஊர்ப் பனியைக் கொண்டுபோய் அங்க போட்டுட்டாங்க. நீங்க ஃபிசிக்ஸ் படிக்கிறவங்கதானே, சரி பண்ணிக் கொடுங்க, போட்டுடறேன்." எனக்கு அது சரியாகவே பட்டது. இன்னும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், பெருமையாக இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மதினியிடம் விளக்கினேன். அங்கே இருக்கிற காற்று நம் காற்றில் லட்சத்தில் ஒரு பங்குதான், இருப்பதும் இல்லாததும் ஒன்று என்றேன். அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சமோ நஞ்சமோ, காத்துன்னு ஒண்ணு இருக்குல்லா? இருக்கிற காத்து எங்க போயி நிக்கும்? பள்ளத்துலதான நிக்கும்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. நீ படித்தவள், பார்த்துச் செய் என்றாள். நான் பனியைப் பள்ளத்திலிருந்து தூக்கி மலைமேல் வைத்தேன். நான்கு பத்திதான் மாற்றினேன். மீதியை ஆசிரியர் மாற்றிக்கொண்டார்.

கதையோடு பத்திரிகை வந்தது. கூலிக்காரர்கள் அந்தக் கூலிக்காரியின் பேச்சைக் கேட்டு மேட்டுக்குப் போகிறார்கள். பனி மேட்டில் இருப்பதால் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பள்ளத்தில் பத்திரமாக இருந்த துரை கயிற்றோடு வந்து மிச்சம் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறார். படத்தில் விண்வெளி உடுப்புப் போட்ட ஒரு பெண் முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்றாள். கதைக்கு மேலே, கொழுந்து பறிக்கும் கைகள் நட்சத்திரம் பறிக்கின்றன என்று ஒரு வரி. அந்தக் கைகள் எழுதியதைத் தலைகீழாக்கி அச்சடித்துவிட்டு அந்தக் கைகளுக்கே ஒரு பாராட்டு! எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. முதல் கல்லை எடுத்துக் கொடுத்தது நான்தானே.

சூப்பர்வைசர் எங்கிருந்தோ ஒரு பிரதி வாங்கி வந்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். "பாத்தியா, ஆபீஸ் சொல்றதுதான் சரின்னு நீயே எழுதிட்ட" என்று மதினியிடம் சொன்னாராம். இதை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த முறை போனபோது, புது நோட்டு வாங்கி வந்திருக்கிறேன் என்று மதினியிடம் நீட்டினேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கதை எழுதவில்லை. தட்டில் தண்ணீர் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சில வருடங்கள் கழித்து, கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு விண்கலம் புளூட்டோவின் பக்கத்தில் போய்ப் படம் அனுப்பியது. நாங்கள் கதையைத் திருத்திக்கொண்டிருந்தபோதே அது கிளம்பிப் பாதி வழியில் போய்க்கொண்டிருந்தது, கொஞ்சம் பொறுத்திருக்கலாம். டீச்சர்கள் அறையில் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், இத்தன வெள்ளையாக் கெடக்குதுங்களே, உப்பளமுங்களா?" என்றார். நைட்ரஜன் பனிங்க என்றேன். பிறகு வந்த கட்டுரைகளை வரி வரியாகப் படித்தேன். அந்த வெள்ளைச் சமவெளி ஒரு பெரும் பள்ளம். சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு கிலோமீட்டர் தாழ்வு. புளூட்டோவின் நைட்ரஜன் பனியில் பெரும்பகுதி அங்கேதான் வந்து குவிந்திருக்கிறது.

நம் மலையில் நடப்பதும் அங்கே நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கனமான குளிர்காற்று வழிந்து இறங்குகிறது. அங்கே இருக்கிற சொற்பக் காற்றும் தாழ்வான இடத்தில் சற்று அழுத்தமாக நிற்கிறது. அழுத்தம் கூடுகிற இடத்தில் நைட்ரஜன் சுலபமாக உறைகிறது. சில மலையுச்சிகளிலும் வெண்மை உண்டு; அது மீத்தேன், அந்த ஆசிரியர் வேண்டுமானால் அதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளட்டும். மதினியின் கதையில் இருந்தது நைட்ரஜன். இருக்கிற காற்று எங்கே போய் நிற்கும் என்று தவிடு பிசைந்துகொண்டே கேட்டாளே, கேள்வியே அதுதான். எம்.எஸ்சி. படித்த எனக்கு அது கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சம் என்பதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். பேசுகிறவளையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். மூலக் கதையை அப்படியே வெளியிடுங்கள் என்று கேட்டேன். ஒருமுறை வந்த கதையை மறுபடி போடும் வழக்கம் இல்லையாம். ஆனால் புளூட்டோவை முன்கூட்டியே கண்ட கொழுந்துப் பெண் என்று ஓர் அதிசயச் செய்தி போடலாமாம், கூடையோடு ஒரு புகைப்படம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். சரியாகச் சொன்னால் குறிகாரி, தவறாகச் சொன்னால் அறியாதவள். யோசித்து எழுதியவள் என்று ஒப்புக்கொள்ள மட்டும் அவருக்கு மனம் வராது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததால் யாருக்கு என்ன ஆயிற்று? வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் புளூட்டோவின் பள்ளத்தைப் பற்றி உற்சாகமாகப் பாடம் எடுத்தேன். மதினியிடம் போய்ச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. வெட்கம்தான், வேறென்ன.

இந்தத் தை மாதம் போனேன். இன்னும் ஒரு வருடத்தில் அவளுக்கு வேலை முடிகிறது. காலையில் பின்வாசல் திட்டில் அதே தட்டு, நசுங்கிய விளிம்போடு. பையிலிருந்து அவளுடைய இரண்டு நோட்டுகளையும் எடுத்தேன். டைப் செய்ய வாங்கிப்போன நான் திருப்பித் தரவே இல்லை. படத்தையும் காட்டி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி மதினி என்றேன். அவள் படத்தை நிதானமாகப் பார்த்தாள். சந்தோஷப்பட்டதாகவோ ஆச்சரியப்பட்டதாகவோ தெரியவில்லை. பனி பள்ளத்தில் கிடப்பதில் அவளுக்கு என்ன புதுமை?

"அது கெடக்கட்டும். அந்தத் தொரையைக் காப்பாத்துனது யாரு? நீயா, பத்திரிகைக்காரங்களா?"

இத்தனை வருடமும் அவள் மனதில் கிடந்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆசிரியர் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. "நாந்தான் மதினி. நான் பனியத் தூக்கி மேல வச்சதாலதான் அவரு பொழைச்சாரு" என்றேன்.

அவள் குனிந்து தட்டிலிருந்த பனித்தகட்டை உடையாமல் எடுத்தாள். கனம் பார்க்கவில்லை. என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள். "இதப் பிடி. பேனா எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். பேனா உடனே அகப்படவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தமும் சாமான்களை உருட்டுகிற சத்தமும் கேட்டன. கை எரிய ஆரம்பித்தது. அவள் திரும்பி வருகிறவரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.