நாரணாபுரம் வீட்டில் ஓடாத கம்ப்யூட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன ஆனி மாதம், மத்தியான வெயிலில், எல்லோரும் விழித்திருக்கும்போதே நடந்தது இது. சிக்கல் என்னவோ சின்னதுதான். ஒரு பழைய கம்ப்யூட்டர் விருதுநகரில் என் ரிப்பேர் கடையில் ஒழுங்காக ஓடியது. நாரணாபுரத்தில், அதன் சொந்த வீட்டில், ஓடவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் கீர்த்திகா. அவருடைய பெரியப்பா ரத்தினசாமி எண்பதுகளில் வாங்கியது. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தால் வெறும் கீபோர்டு என்றுதான் நினைப்பீர்கள். மொத்த இயந்திரமும் அதற்குள்ளேயே இருக்கும். திரைக்கு டிவி. சேமிக்க, பாட்டு கேட்கும் அதே கேசட். டேப் ரெக்கார்டரில் போட்டால் ‘கீ...ச்’ என்று கதறும். அந்தச் சத்தம்தான் புரோகிராம். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து கேசட்டை ஓட்ட வேண்டும்.

பெரியப்பா அதில் ஒரு வாணவேடிக்கையை வரைந்து வைத்திருந்தார். பட்டாசு ஆலை விபத்தில் அவர் இறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது அவருடைய தம்பி, கீர்த்திகாவின் அப்பா சபரிநாதனுக்கு, சர்க்கரையால் ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது.

“இந்தக் கண்ணும் போறதுக்குள்ள, அண்ணன் விட்ட வாணத்த ஒருக்கா பாத்துரணும் தம்பி,” என்றார்.

அதனால்தான் கடையில் ஒரு கீயை அழுத்தி, தலைப்பைத் தாண்டுகிறது என்று தெரிந்ததும் நிறுத்தியிருந்தேன். படத்தை முதலில் அவர் பார்க்கட்டும்.

நாரணாபுரம் வீட்டில், பெரியப்பா உட்கார்ந்து வேலை செய்த பின்னறையில் டிவியை வைத்தோம். சபரிநாதன், கீர்த்திகா, அவர் கணவர் மணிகண்டராஜ், நான். கேசட் ஓடி முடிந்தது. தலைப்பு வந்தது. நின்றுவிட்டது. எந்தக் கீயை அழுத்தினாலும் நகரவில்லை.

மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது.

ரெக்கார்டரைத் திறந்து பார்த்தேன். பழுப்புத் தூள். டேப்பின் பூச்சு உதிர்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் படம் கொஞ்சம் அழிகிறது. கேசட்டின் சத்தத்தைப் போனில் நகலெடுத்துப் பார்த்தேன். அதைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. டேப் இன்னும் ஒரு தடவை தாங்கினால் அதிகம்.

போட்டேன். தலைப்பு. நின்றது.

மணிகண்டராஜின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

டிக்.

கீயை அழுத்தினால் வரும் சத்தம் அது. என் கைகள் மடியில் இருந்தன.

திரை நகர்ந்தது. அவர் திரும்பி வந்தார். நின்றது.

“என்னண்ணே, என் மூஞ்சியப் பாத்தாலே நின்னுருதா?”

“கல்யாணத்தன்னைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு,” என்றார் கீர்த்திகா.

நானும் சிரித்தேன். பழுதைத் தேடும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். போன் சிக்னலோ? போன் உள்ளே, மணிகண்டராஜ் வெளியே. ஓடியது. போன் வெளியே, அவர் உள்ளே. நின்றது. அவருக்குப் பதில் கீர்த்திகாவை அனுப்பினேன். ஓடியது. கீர்த்திகாவை உள்ளே கூப்பிட்டுவிட்டு நான் வெளியே போய், வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

ஓடியது.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

“மாப்ள, நீங்க வெளியவே நில்லுங்க,” என்றார் சபரிநாதன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

நான் உள்ளே வந்தேன். மூன்று பேர் இருந்தோம்.

டிக்.

திரை கறுத்தது. கீழிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி ஏறியது...

டிக்.

சிவப்பு... மஞ்சள்... பச்சை...

கீபோர்டைப் பார்த்தேன். ரப்பர் கீ ஒன்று உள்ளே அமுங்கியிருந்தது.

மெதுவாக மேலே வந்தது.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. மரத்துப் போயிருந்தேன்.

சபரிநாதன் முகத்தைத் திரையோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார்.

“பாத்துட்டேண்ணே,” என்றார்.

கிளம்பும்போது சபரிநாதனிடம் காரணம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பட்டாசு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுல்ல தம்பி. அண்ணன் ஆள எண்ணிட்டுத்தான் வெடிமருந்துல கை வைப்பாரு. கூட ஒருத்தர் நின்னா கையக் கட்டிட்டு உக்காந்துருவாரு. அந்தாளு வெளிய போனாத்தான் அடுத்த வேலை. அன்னைக்கு தீபாவளி சீசன். அவரு எண்ணி முடிச்ச பெறகு, லோடு அவசரம்னு மேனேஜர் இன்னொருத்தர உள்ள அனுப்பிட்டாரு. அண்ணன் திரும்பிப் பாக்கல.”

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

“அஞ்சு பேரும் போயிட்டாக.”

டேப் அத்தோடு முடிந்தது. அதனால் சுவிட்சை அணைக்கவில்லை. இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு வந்தேன். சபரிநாதன் தினமும் பார்க்கிறார். ஓட்டும் முறையைக் கீர்த்திகாவிடம் சொல்லியிருக்கிறேன். அறைக்குள் நம் ஆட்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றோடு நிறுத்தினால் அது நிற்காமல் ஓடும்; நாலாவது ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.