சித்தி பெயருக்கு அடித்த வெள்ளை

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ரகசியம் பேச வேண்டுமென்றால் தமிழை அப்படியே நிறுத்திவிட்டுப் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்கள். எங்களைப் பிரெஞ்சு சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் தாங்கள்தான் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கு மறந்துபோகும். நான் ஆறாவது படித்த வருஷம் அக்டோபர் மாதம் முழுக்க வீட்டில் ஓயாமல் பிரெஞ்சு ஓடியது. எனக்குப் பாதிதான் புரியும். புரிந்த பாதியை வைத்துப் புரியாத பாதியை நானே கட்டிக்கொள்வேன். எதிலும் அவசரம் எனக்கு. இன்றைக்கும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். கல்யாணமான நாலாவது வருஷம் சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. லாஸ்பேட்டையில் ஒரு கணக்கு வாத்தியார், அவரும் மனைவியை இழந்தவர், சித்தியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சம்மதம். சித்தி மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்லறைத் திருநாள் கழித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய தயக்கமெல்லாம் சித்தப்பாவின் அண்ணனை நினைத்துத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அண்ணன் தம்பி இருவருமே சொல்தாக்கள். நாங்கள் அவரைச் சொல்தா பெரியப்பா என்போம். தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவர். வாத்தியார் பேச்சு காதில் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், காபி குடித்தார், பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். ‘அவளுடைய இடம் அங்கே இருக்கிறது’ என்பதுதான் அது. மாதா கோயிலில் சித்தி உட்காரும் பெஞ்சைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஏன் சித்தி ராத்திரி சாப்பிடாமல் படுக்கவேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

சித்தப்பாவுக்கு உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் பெரியப்பா ஒரு கல் நிறுத்தியிருந்தார். சுற்றிலும் எல்லாம் சிமெண்டுக் கல்லறைகள், சுண்ணாம்பு அடித்தவை. இது மட்டும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வரவழைத்து முகம் தெரிகிறமாதிரி பாலீஷ் போட்ட கருங்கல். எழுத்துகளை வெட்டி, வெட்டிய பள்ளத்தில் வெள்ளை எனாமல் பெயிண்ட் நிரப்பியிருந்தது. மாதம் ஒருமுறை சித்தி போய் அதைத் துடைத்துவிட்டு வருவாள். அந்தக் கல்லுக்கு அவளிடம் இருந்த சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம். புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் கிட்டேயே வரக்கூடாது, பளபளப்பு போய்விடும். பச்சைத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். உருகி ஒட்டிய மெழுகுவர்த்தியைக் கத்தியால் சுரண்டக்கூடாது, வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு ஈர்க்குச்சியால் நெம்ப வேண்டும். கடைசியாக ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு.

அந்த வருஷம் திருநாளுக்குப் பத்து நாள் முன்னால் சித்தி சொன்னாள்: “இந்தத் தடவ நீயே போய்ட்டு வாடி. எனக்கு இடுப்பு புடிச்சிகிச்சு. உரிஞ்ச எழுத்துக்கு மட்டும் பெயிண்ட் தொட்டு வச்சிடு.”

மறுநாளே அவள் அரிசி மூட்டையைத் தனியாக நகர்த்தியதைப் பார்த்தேன். இடுப்பு சீக்கிரம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வாளி, துணி, ஈர்க்குச்சிக் கட்டு, பெயிண்ட் டப்பா, என் டிராயிங் பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டேன். முழுப் பொறுப்பும் எனக்கே வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மாள் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும்மா இது?” என்றேன்.

“எங்க மாமியாருக்கு. உசுரோட இருந்தப்ப ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தா கூட குத்தம் சொல்லும். இப்ப பாரு, எவ்ளோ ஊத்துனாலும் வாயத் தொறக்கல.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பூச்சடித்தாள். அந்த மாமியாருக்கு அன்றைக்கு மூன்று பூச்சு விழுந்தது.

நான் சித்தப்பாவின் பெயரை முடித்துவிட்டேன். இரண்டு எழுத்துதான் உரிந்திருந்தது. அதற்குள் வேலை தீர்ந்ததில் ஏமாற்றமாக இருந்தது. கல்லின் அடிப்பாகத்தை இன்னொரு முறை துடைத்தபோது துணி எதிலோ இழுத்தது. விரல் வைத்துப் பார்த்தேன். பள்ளம். எண்ணெயும் புழுதியும் அடைத்து, கல்லோடு கல்லாகக் கறுத்துப்போன பள்ளம். ஈர்க்குச்சியை விட்டுக் கிளறினேன். ஒரு எழுத்து வந்தது. எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் கல்வெட்டுப் பாடம் நடத்தியிருந்தார்கள்! தண்ணீர் விட்டு, குச்சியை மாற்றி மாற்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தோண்டினேன். ஒரு மணி நேரத்தில் முழுப் பெயரும் வெளியே வந்துவிட்டது.

சித்தியின் பெயர். வீட்டில் யாரும் கூப்பிடாத, பதிவேட்டில் மட்டும் இருக்கிற நீளமான பிரெஞ்சுப் பெயர். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சித்தப்பாவின் பென்ஷனுக்காக வருஷத்துக்கு ஒருமுறை ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சித்தி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அந்தத் தாளில் பார்த்திருக்கிறேன். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், பிறகு ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெறும் கல்.

சித்தப்பாவின் பெயர் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, சித்தியின் பெயர் அழுக்கு அடைத்துக் கிடக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பா எப்போதுமே தம்பி பக்கம்தான்!

பக்கத்து அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. “அதையும் எழுதிடு கண்ணு. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

எழுதினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் வழியாமல். அந்தச் சின்னக் கோட்டுக்கு இரண்டு தடவை அடித்தேன். அன்றுவரை நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்திக்குப் பரிசாக இருக்கட்டும் என்று திருநாள் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஊரே உப்பளத்தில் இருந்தது. செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா முன்பே வந்து கல்லுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அசையவே இல்லை.

“யாரு இந்த வேலயப் பண்ணது?”

“நான்தான் பெரியப்பா!” என்று முன்னால் ஓடினேன். “சித்தப்பா பேரு மட்டும் வெள்ளையா இருந்துச்சு. சித்தி பேர அழுக்கா வுட்டு வச்சிருந்தீங்க.”

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். “அடிப்பாவி! உசுரோட இருக்கறவ பேருடி அது. அவ செத்தப்புறம் அடிக்க வேண்டிய பெயிண்ட்டுடி!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிரான்ஸில் கணவன் மனைவி பெயரைச் சேர்த்து வெட்டிவைக்கும் வழக்கத்தைப் பார்த்துவந்த பெரியப்பா, இங்கேயும் அப்படியே வெட்டச் சொல்லியிருக்கிறார். வெள்ளை மட்டும் அவளுக்காகக் காத்திருந்தது. சித்தியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சித்தி கிட்டே போனாள். குனிந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கல்லில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குக் குறுக்கே, நான் அடித்த வெள்ளையில் அவள் பெயர். பக்கத்து வரிசையில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தது காதில் விழுந்தது.

திடீரென்று சித்தி சிரித்தாள். “வருஷா வருஷம் நான் உசுரோட இருக்கேன், உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துகினு இருக்கேன். இங்க என்னடான்னா எனக்கு எல்லாம் ரெடி பண்ணி வச்சிட்டீங்களே!”

யாரும் கூடச் சிரிக்கவில்லை. சித்தியும் நிறுத்திக்கொண்டாள். பெரியப்பா பக்கம் திரும்பி, மெதுவாக, பிரெஞ்சில், இரண்டே வார்த்தை சொன்னாள்.

“பா ஸாங்கோர்.”

இது எனக்குப் புரியாத பாதியில் சேராது. வீட்டுப்பாடம் முடிக்காத நாளெல்லாம் டீச்சருக்கு நான் சொல்கிற வார்த்தை. ‘இன்னும் இல்லை.’ பெயிண்ட் வேலை இன்னும் முடியவில்லை என்று எனக்காகச் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மரியாதன்னு நெனச்சிதாம்மா வெட்டச் சொன்னேன்,” என்றார்.

“தெரியும்,” என்றாள் சித்தி.

அவர் கைக்குட்டையை எடுத்து அந்தக் கடைசிக் கோட்டைத் துடைக்கப் பார்த்தார். “காஞ்சிடுச்சி பெரியப்பா. நல்ல பெயிண்ட்டு,” என்றேன். எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. அன்றைக்கு ஏன் யாரும் என்னை அடிக்கவில்லை என்பது ஆச்சரியம். வீடு வரைக்கும் சித்தி என் கையை விடவேயில்லை. அம்மாவிடமிருந்து காப்பாற்றுகிறாள் என்று எண்ணினேன்.

அந்த வாரமே பெரியப்பா மண்ணெண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு தனியாக உப்பளத்துக்குப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையை எடுத்தார் என்று அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். எழுபதை நெருங்கிய முட்டி அது.

வீட்டில் பிரெஞ்சு நின்றுவிட்டது. எல்லாரும் தமிழிலேயே பேசினார்கள், சிரித்தார்கள், புடவை எடுத்தார்கள். ஈஸ்டர் முடிந்ததும் ஒரு காலைப் பூசையில் சித்திக்கும் வாத்தியாருக்கும் கல்யாணம். பெரியப்பா மெடல் குத்திய கோட்டில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் சித்தியின் பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றியபோதுதான் அவள் லாஸ்பேட்டைக்கே போகிறாள், இனி என் பக்கத்தில் படுக்க மாட்டாள் என்பது எனக்கு உறைத்தது. குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவள் பெயருக்கு வெள்ளை அடித்தது நான். அதனால்தான் அவள் இந்த வீட்டை விட்டே போகிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா கதவைத் தட்டினாள்.

“நான் பெயிண்ட் அடிச்சதாலதானம்மா சித்தி போறா?” என்று உள்ளேயிருந்து கேட்டேன்.



“ஆமாண்டி,” என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. “உன்னாலதான் போறா. நல்லா இருடி நீ, நல்லா இரு.”

திட்டுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பெரிதாக அழுதேன்.